டமாரத்தின் வலது கால்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூட வாத்தியார் வாயைத் தாண்டி அந்தப் பெயர் எங்கேயும் நடமாடியதில்லை. வீட்டிலும் தெருவிலும், பிற்பாடு மேடையிலும், எல்லாருக்கும் அவள் டமாரம்தான். வைத்த பெருமை சித்தியைச் சேரும். நடக்கப் பழகாத வயதில் ஒரு கரண்டியும் ஒரு தட்டும் குழந்தை கையில் அகப்பட்டுவிட்டன. மத்தியானத் தூக்கம் பாழாய்ப்போன எரிச்சலில் சித்தி எழுந்து உட்கார்ந்து, "இது பிள்ளை இல்லக்கா, டமாரம்" என்றாள். சித்திக்குப் போன தூக்கம் அப்புறம் முழுசாகத் திரும்பவில்லை. பெயரும் போகவில்லை.

அம்மா பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் வைத்திருந்தாள். ஒரே அறை. இரண்டு நாற்காலி. நாற்காலிகளுக்கு எதிரே முன்சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. அதனால் டி.வி.க்கு இடம் பின்சுவரில்தான் கிடைத்தது. கூரைக்கு ஒரு முழம் கீழே, பலகை அடித்து ஏற்றி வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் திரும்பிப் பார்த்தால் காது போய்விடும் என்பதால், எல்லாரும் டி.வி.யைக் கண்ணாடியில்தான் பார்ப்பார்கள். செய்தி வாசிப்பவரின் வகிடு எந்தப் பக்கம் என்று அந்தக் கடையில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

பள்ளிக்கூடம் விட்டதும் டமாரத்துக்கு அங்கே வேலை. விழுந்த முடியைக் கூட்ட வேண்டும், துண்டு மடிக்க வேண்டும், பிறகு நாற்காலி ஏற்ற வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் வலது பக்கம் ஒரு பெடல் இருந்தது. மிதிக்க மிதிக்க நாற்காலி உயரும். ஏற்றத்தில் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு.

"குலுக்காம ஏத்து. மேல போறோம்னு அவங்களுக்கே தெரியக் கூடாது."

சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஒருநாள் டி.வி.யில் ஓடிய பாட்டின் வேகத்துக்கு டமாரம் பெடலைப் போட்டு மிதிக்க, உட்கார்ந்திருந்த அம்மாளின் தலை துள்ள, அம்மாவின் கத்தரி வழுக்கி, நெற்றி முடி மாடிப்படி மாதிரி ஒரு பக்கம் ஏறிவிட்டது. "இதுதாங்க இப்ப ஸ்டைல்" என்று அம்மா முகம் மாறாமல் சொன்னாள். அதைக் கேள்விப்பட்டு அடுத்த வாரமே இன்னும் சிலர் வந்து, எங்களுக்கும் அந்த மாடிப்படி வேண்டும் என்று நின்றார்கள். அம்மா அவர்களுக்கும் வெட்டினாள். மகளை மட்டும் மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து வலது கால் அடக்க ஒடுக்கமாக மிதிக்கப் பழகிற்று.

டி.வி.யில் வாராவாரம் ஒரு பாட்டு நிகழ்ச்சி வரும். புதுப்புதுப் பாடகர்கள் வருவார்கள், போவார்கள். பின்னால் வாசிக்கும் குழு மட்டும் மாறாது. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் வழுவழு மொட்டை. பாடகரைப் படமெடுக்கிற கேமரா போகிற வழியில் அவரை ஒரு நொடி காட்டிவிட்டுப் போகும். அந்த நொடிக்காக டமாரம் வாரம் முழுக்கக் காத்திருப்பாள். அவர் பெயரைக் கடைசியில்தான் போடுவார்கள். அதற்குள் அம்மா, விளம்பரம் வந்துவிட்டது என்று சேனலை மாற்றிவிடுவாள். ஆகவே அவரும் வெறும் மொட்டைதான்.

மொட்டை என்ன செய்தாலும் அவளும் செய்தாள். வீட்டுப் பின்கட்டில் பெயின்ட் டப்பாக்கள், கவிழ்த்த வாளி, கம்பியில் தொங்கும் இரண்டு பாத்திர மூடிகள். அவர் முன்னால் எது எந்தப் பக்கம் இருந்ததோ, அது அதே பக்கம் இருந்தது. தாளம் போகும் ஜோடித் தட்டை அவர் இடது கையால் அடித்தார். இவளும் இடது கை. பெரிய டிரம்மை, கிக் என்பார்களே, அதை இடது காலால் மிதித்தார்; இவளும் இடது கால். சோறு சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையில். டிரம்ஸ் மட்டும் இடது கையில். இதைத் தப்பென்று சொல்ல வீட்டில் யாருக்கும் டிரம்ஸ் தெரியாது. டிரம்ஸை எந்தப் பக்கம் வாசித்தாலும் சித்திக்குத் தூக்கம் போகும். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் தையல்கார அக்கா ஒருத்தி இருந்தாள். பாவாடைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில், ஒருநாள் அந்த வீட்டு டி.வி.யில் அதே நிகழ்ச்சி ஓடியது. டமாரம் முதல்முறையாக மொட்டையை நேருக்கு நேர் பார்த்தாள். அளவு நாடாவோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, மொட்டைக்கு என்ன ஆச்சு? கை மாத்தி வாசிக்கறாரு."

"எந்த மொட்டைக்கு? கையைத் தூக்கு, அக்குள் அளவு எடுக்கணும்."

"இடது கைல வாசிக்கிறவரு. கையில அடிபட்டிருக்குமோ?"

தையல்கார அக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து அந்த ஆள் இப்படித்தான் வாசிக்கிறாரு. நீ எங்க பாத்தே?"

"எங்க கடையில."

"உங்க கடையில டி.வி. எங்க இருக்கு?"

"பின்னா..."

அந்த வார்த்தை பாதியிலேயே நின்றது. கடைக் கண்ணாடியில் எதிர்க்கடைப் பெயர்ப் பலகை இடம்வலம் மாறித் தெரிவதைத் தினமும் பார்த்து வளர்ந்த பெண். கத்தரி எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்லக்கூடிய பெண். மொட்டை மட்டும் கண்ணாடியில் மாறமாட்டார் என்று எப்படியோ நம்பியிருந்தாள். தையல்கார அக்கா சிரித்த சிரிப்பில் அந்தப் பாவாடை ஒரு பக்கம் இறக்கமாகவே தைத்து வந்தது.

அதற்குள் கைகால் படிந்துவிட்டன. மாற்றிப் பார்த்தாள். வாயால் எழுதுகிற மாதிரி இருந்தது. போகட்டும், உலகத்தில் இடக்கைக்காரர்களே இல்லையா என்று விட்டுவிட்டாள்.

தெருக்கோடி மண்டபத்தில் வாசிக்கிற ஒரு குழுவுக்கு டிரம்ஸ்காரர் திடீரென்று வரவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் இவள் வாசித்ததைப் பார்த்திருந்த ஒருவர் வந்து அழைத்துப்போனார். அதே நாளில்தான் அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரனும் பழக்கமானான். வாசிக்கத் தொடங்கினால் கண் இமை தவிர எதுவும் அசையாது என்பதால் அவன் பெயர் தூண். தூணுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள் வாசிப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவான்.

"எப்படிடா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல பாட்டு எங்க போச்சுன்னு தேட வேண்டியிருந்துச்சு."

உண்மைதான். டமாரத்துக்கு ஒரு இடைவெளி தென்பட்டால் போதும், அதில் ஒரு மூட்டை கடலையைக் கொட்டுவாள். பாடகர் மூச்சு விட்டால் கொட்டுவாள். சரணம் முடிந்தால் கொட்டுவாள். உருட்டல் வலதுபக்கச் சின்ன டிரம்மில் கிளம்பி, படிப்படியாக இறங்கி, இடதுபக்கப் பெரிய டிரம்மில் தொப்பென்று முடியும். கைதட்டலும் வரும். அதனால் இன்னும் கொட்டுவாள்.

பிழைப்பு அவளைப் பல இடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு ஓட்டலில் சாப்பாட்டு நேரத்துக்கு வாசித்தாள். "சூப் குடிக்கிறவர் ஊதுற சத்தம் எனக்குக் கேக்கணும்" என்பது மேனேஜர் கட்டளை. குச்சிக்குப் பதில் கம்பித் துடைப்பம் போல ஒன்றை வைத்து, நடுவில் இருக்கும் ஸ்நேர் டிரம்மைத் தடவித் தடவி வாசிக்கக் கற்றது அங்கேதான். பிறகு சர்க்கஸ். அந்தரத்தில் தொங்குபவர் தாவுகிற வரைக்கும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவரோ பொறுமைசாலி. மேலே நின்று மூக்கைச் சொறிவார், இடுப்புப் பட்டையைச் சரிசெய்வார், கூட்டத்தில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்ப்பார். இங்கே மணிக்கட்டு கழன்று விழும். விரல் காய்த்துப்போனதும், மெதுவாக ஆரம்பித்தால்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்ததும் அந்த வேலையில்.

எல்லா வேலையிலும் ஒரு தலைவலி கூடவே வந்தது. நாலைந்து குழுக்கள் ஒரே மேடையில் வாசிக்கிற நாட்களில் டிரம்ஸ் ஒன்றுதான் இருக்கும். ஆளாளுக்குக் குச்சியும் ஸ்நேரும் கொண்டுவந்து, உட்கார்ந்து, வாசித்து, எழுந்து போவார்கள். டமாரம் வந்தால் மட்டும் வீடு காலி பண்ணுகிற மாதிரி இருக்கும். இந்த ஸ்டாண்டு அந்தப் பக்கம், அந்த டிரம் இந்தப் பக்கம், பெடலைக் கழற்று, கீழே விரித்த பாயைத் திருப்பு. டிரம்ஸ்காரர்கள் பொதுவாகச் சாதுக்கள். ஆனால் தான் உட்காரும் ஸ்டூலின் உயரத்தைத் தொட்டவரை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்கள். இவள் மொத்தத்தையும் தொட்டாள். அவளால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள். அவள் மாற்றி முடிக்கும்வரை அவர்கள் ஜோக் சொல்லிச் சமாளிக்க வேண்டும். "இன்னைக்கு டமாரமா? என்கிட்ட அவ்வளவு ஜோக் இல்லையே" என்று ஒருவர் மேடைக்கு வரவே மறுத்தார்.

பெரிய ஓட்டல் ஒன்றின் குழுவில் நிரந்தர இடம் கிடைக்க இருந்தது. பேச்சுவாக்கில், எனக்கு எல்லாம் மாற்றி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தூண் ஓடி வந்தான். ஓடி வந்தான் என்றால் அவன் கணக்கில் கொஞ்சம் வேகமாக நடந்தான்.

"விஷயம் தெரியுமா? உன் மொட்டைக்கு இடுப்பு வலியாம். உக்கார முடியலையாம். டி.வி. குழுவுக்கு ஆள் எடுக்கறாங்க."

அம்மா ஒருத்தியின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். டமாரம் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். வேலை இல்லாத நாளில் அவள் இன்னமும் கடையில்தான். கண்ணாடியில் பின்சுவர் டி.வி. தெரிந்தது. அணைத்துத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் அதையே பார்த்தாள். வேறு எந்த இடத்துக்கும் அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை. சர்க்கஸ் போனால் போகட்டும், ஓட்டல் போனால் போகட்டும். மொட்டை உட்கார்ந்த ஸ்டூலில் ஒரு வாரமாவது உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கூடாது.

பெயர் கொடுத்ததும் டி.வி. அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். நாள், நேரம் சொல்லிவிட்டு, "உங்களுக்கு ஏதாவது விசேஷ ஏற்பாடு வேணுமாங்க?" என்று கேட்டார்.

தூண் எதிரே நின்று, சொல்லு சொல்லு என்று கண்ணைக் காட்டினான்.

"ஒண்ணும் வேண்டாங்க" என்றாள் டமாரம்.

"ஏன் சொல்லலை?" என்றான் தூண், போனை வைத்ததும்.

"சொன்னா சொல்லி அனுப்புவாங்க. சீக்கிரமே போயிடறேன். அவங்க டீ குடிக்கிற நேரத்துல மாத்தி வெச்சிட மாட்டேனா?"

சீக்கிரமே போனாள். கழுத்துக் கயிற்றில் டிரம் முடுக்கும் சாவி, பையில் குச்சி, ஸ்நேர் அதிகம் அதிராமல் இருக்க மேலே போடுவதற்குக் கடைத் துண்டிலிருந்து கிழித்த ஒரு துணி. படப்பிடிப்புக் கூடம் குளிர்ந்து கிடந்தது. நடுவில் வட்ட மேடை. மேடைமேல் அந்த டிரம்ஸ். அதைச் சுற்றி மைக்குகள் கொக்குக் கூட்டம் மாதிரி கழுத்தை நீட்டி நின்றன. பக்கத்தில் சவுண்ட்காரர் ஒருவர், பெற்ற பிள்ளையைத் தூங்கவைத்த முகத்தோடு காவல் இருந்தார்.

டமாரம் மெதுவாக ஒரு ஸ்டாண்டை நகர்த்திப் பார்த்தாள். அது நகரவில்லை. தரையோடு முடுக்கியிருந்தது.

"ஏம்மா, கையை எடு" என்றார் சவுண்ட்காரர். "சுத்துற மேடை. எல்லாம் போல்ட் போட்டிருக்கு. ஒரு மைக்கு ஒரு விரக்கடை நகர்ந்தாலும் எனக்கு ராத்திரி வரைக்கும் வேலை."

"நான் கொஞ்சம் மாத்தி வெச்சு வாசிப்பேங்க. இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்."

"எது?"

"எல்லாமே."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள் பார்க்கிற அதே பார்வை. "ஸ்டூலை வேணா ஏத்தி இறக்கிக்கோ" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய தானம்.

குழுவை நடத்துகிறவர் பியானோ வாசிக்கும் வயதான ஓர் அம்மாள். எல்லாருக்கும் மேடம். பாடகியும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஓரத்தில், முதுகுக்குத் தலையணை வைத்து, வெந்நீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மொட்டை. கண்ணாடியில் பார்த்ததைவிடக் குள்ளம்.

தேர்வுக்கு வந்திருந்தவர்களில் முதல் ஆள் நன்றாக வாசித்தார். ஆனால் லாரியிலிருந்து ஜல்லி இறக்குகிற மாதிரி. அடுத்தவர் இன்னும் நன்றாக வாசித்தார், இரண்டு லாரி. பாடகி ஒரு இடத்தில் பாடுவதை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு, எப்போது முடியும் என்று காத்திருந்தாள். டமாரத்துக்கு அதைப் பார்க்க நன்றாக இல்லை. தானும் அப்படித்தான் இறக்கியிருப்போம் என்று தெரிந்ததால் இன்னும் நன்றாக இல்லை.

அவள் முறை வந்தது. ஏறி உட்கார்ந்தாள். எல்லாம் தப்பான பக்கத்தில் இருந்தன. சொந்த வீட்டுக்குள் இருட்டில் நுழைந்து, கதவு இருக்க வேண்டிய இடத்தில் பீரோவில் முட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"மெதுவான பாட்டு முதல்ல" என்றார் மேடம். எண்ணிக்கை கொடுத்தார்.

கைகள் பிழைத்துக்கொண்டன. ஜோடித் தட்டு இடது பக்கமே இருந்ததால் இடது கைக்கு அது இன்னும் பக்கம்தான். ஸ்நேர் நடுவில், வலது கைக்கு. குழப்பியது கால். கிக் வலது காலுக்கு அடியில், ஜோடித் தட்டை மூடித் திறக்கும் பெடல் இடது காலுக்கு அடியில். அது தெரியாத இடது கால், பழக்கதோஷத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. 'தும்' என்று வர வேண்டிய இடத்தில், தட்டுகள் இரண்டும் வாயை மூடி 'ச்' என்றன. யாரோ அலுத்துக்கொண்ட மாதிரி. அடுத்த அடியிலும் 'ச்'. டி.வி. குழுவின் பேஸ் கிட்டார்காரர் திரும்பிப் பார்த்தார். டமாரம் நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"கால் மாறிப்போச்சு மேடம்."

"கால் எப்படி மாறும்?"

என்ன சொல்வது? எங்கள் கடையில் டி.வி. பின்சுவரில் இருக்கிறது என்று ஆரம்பித்தால் முடிவதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். "இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பாடகி தண்ணீர் குடித்தாள். "சரி. இன்னொரு தடவைதான்."

டமாரம் தன் வலது காலைப் பார்த்தாள். இத்தனை வருஷ வாசிப்பில் அந்தக் கால் தட்டை மூடித் திறந்ததைத் தவிர ஒன்றும் செய்ததில்லை. உருப்படியாக அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: அம்மா கடை நாற்காலி. பெடல், வலது பக்கம், குலுக்காமல். மேலே போகிறோம் என்று அவங்களுக்கே தெரியக் கூடாது.

அதையே செய்வோம் என்று முடிவு செய்தாள். வேறு வழியும் இல்லை.

எண்ணிக்கை கிடைத்தது. வலது கால் மிதித்தது. தும். ஒரு கனத்த அம்மாள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள். சாயம் பூசின தலை. ஆடினால் நெற்றியில் வழியும். தும். அவசரமில்லை. தும். சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சு விட்டாள். டமாரத்தின் கை கடலை மூட்டையை நோக்கிக் கிளம்பிற்று. ஆனால் அந்தப் பக்கம் இருந்தது டிரம் இல்லை, ஒரு கொக்கின் கழுத்து. மைக்கை அடித்தால் சவுண்ட்காரர் கொன்றுவிடுவார். கை திரும்பி வந்தது. இடைவெளி இடைவெளியாகவே இருந்தது.

அந்த இடைவெளியில் பாடகியின் மூச்சு கேட்டது. அடுத்த வரி எந்த வார்த்தையில் தொடங்குகிறது என்பதும் கேட்டது. இவ்வளவு காலம் வாசித்ததில் ஒரு பாட்டின் வார்த்தைகள் இப்படித் தெளிவாக அவள் காதில் விழுந்ததில்லை. நல்ல வார்த்தைகளாகத்தான் இருந்தன. பாடகி ஒருதரம் திரும்பி, டிரம்ஸ் பக்கம் பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் பார்த்துப் பாடினாள். கையைக் கட்டவில்லை.

"வேகமா ஒண்ணு" என்றார் மேடம்.

வேகமான பாட்டிலும் கால் அதே நாற்காலியைத்தான் ஏற்றியது. கொஞ்சம் சுறுசுறுப்பாக, அவ்வளவுதான். கடைசி வரி நெருங்கியது. இவ்வளவு நேரம் அடக்கிவைத்த ஆசை அங்கே கையை மீறிவிட்டது. வலதுபக்கம் கிளம்பி இடதுபக்கம் முடியும் வழக்கமான உருட்டல். கை சரியாகத்தான் போனது. ஆனால் இங்கே பெரிய டிரம் வலதுபக்கம், சின்னது இடதுபக்கம். கீழே இறங்க வேண்டிய உருட்டல் அடியில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக மேலே ஏறி, உச்சியில் போய்க் கேள்வி கேட்கிற மாதிரி நின்றது. பாடகி சிரித்துக்கொண்டே அந்தக் கேள்விக்குப் பதில் போலக் கடைசி வரியைப் பாடினாள்.

பாட்டு முடிந்தது. ஓரத்தில் வெந்நீர் டம்ளர் பாதி வழியில் நின்றிருந்தது.

"அது என்னம்மா, தண்ணி மேல ஏறின மாதிரி?" என்றார் மேடம்.

"பழக்கம் மேடம்."

"நல்ல பழக்கமா கெட்ட பழக்கமான்னு யோசிச்சுச் சொல்றேன்."

இறங்கி வரும்போது மொட்டை கையைக் காட்டிக் கூப்பிட்டார். "இடது கையில தட்டு வாசிக்கிறே. யார்கிட்டம்மா கத்துக்கிட்டே?"

"உங்ககிட்டதான் சார்."

"என்கிட்டயா? நான் வலது கைக்காரனாச்சே."

"எங்க அம்மா பார்லர்ல, கண்ணாடியில பாத்தேன் சார். டி.வி. பின்சுவத்துல இருக்கும்."

அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இடது கையை. எங்கேயோ மனசுக்குள் ஒரு கண்ணாடியை மாட்டிப் பார்ப்பது தெரிந்தது. "அப்ப அதுல நான் எப்படி வாசிச்சேன்?"

"பிரமாதமா வாசிப்பீங்க சார். உங்களைவிட அவரு கொஞ்சம் உயரம்."

மொட்டை சிரிக்க ஆரம்பித்தார். தலையணை நழுவியது. "வேண்டாம்மா, சிரிக்க வைக்காதே. இடுப்பு பிடிக்குது" என்று கும்பிட்டார். ஆனாலும் நிறுத்தவில்லை.

போன் வந்தபோது டமாரம் கடையில் முடி கூட்டிக்கொண்டிருந்தாள். மேடமே பேசினார். "அடுத்த வாரம் வந்துடு. உனக்காக எல்லாத்தையும் திருப்பி வைக்கணும்னு சவுண்ட்காரர்கிட்ட யாரோ சொன்னாங்களாம், அவர் லீவு கேக்கறாரு."

"திருப்ப வேண்டாம் மேடம். அப்படியே இருக்கட்டும்."

"அதுதான் நானும் நினைச்சேன். இன்னொண்ணு. அந்தத் தண்ணி மேல ஏறுறது இருக்கே, பாட்டுக்கு ஒரு தடவைக்கு மேல வேண்டாம்."

"சரி மேடம்."

போனை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினாள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா, கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எடுத்துக்கிட்டாங்க."

அம்மாவின் கத்தரி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. "துண்டு ஈரமா இருக்கு, வேற எடுத்துட்டு வா" என்றாள். குரல் மட்டும் கொஞ்சம் வழுக்கியது, அந்த மாடிப்படி நாளில் கத்தரி வழுக்கினது போல.

அதற்குப் பிறகு கடை காலியாக இருக்கும் நேரமெல்லாம் டமாரம் வெறும் நாற்காலியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். தூண் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குடி இத்தனை வருஷம் டிரம்ஸ் தூக்கிட்டு அலைஞ்சே?" என்று கேட்டான். சித்தி மட்டும் ரொம்பச் சந்தோஷப்பட்டாள். நாற்காலி சத்தமே போடாது.

அவள் வாசித்து முதலில் பதிவான நிகழ்ச்சி ஒளிபரப்பான மாலை, கடையில் கூட்டம். அம்மா கடையை மூடமாட்டேன் என்றாள். "உன் நிகழ்ச்சி வாராவாரம் வரும். இவங்க வீட்டுக் கல்யாணம் வாராவாரம் வருமா?" என்றாள். எனவே எல்லாரும் வழக்கம்போலக் கண்ணாடியில் பார்த்தார்கள். நாற்காலியில் சாயத் தலையோடு ஒரு கனத்த அம்மாள். பின்னால் டமாரம்.

கேமரா பாடகியைச் சுற்றி வந்தது. போகிற வழியில், ஒரு நொடி, மொட்டை இருந்த இடத்தைக் காட்டியது. கண்ணாடிக்குள் அவள் இருந்தாள்.

"இது உங்க பொண்ணுதானே?" என்றார் சாயத்து அம்மாள், தலையை அசைக்காமல்.

"ஆமா. வேற யாரு இப்படி முழிப்பாங்க?" அம்மா சீப்பைப் பிடித்தபடி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "ஏண்டி, எல்லாம் தலைகீழா இருந்துச்சு, கால் மாறிப்போச்சு, செத்துப் பொழைச்சேன்னு என்னமோ கதை விட்டே. நம்ம பின்கட்டுல வெச்சிருக்கிற மாதிரியேதானே இருக்கு எல்லாம். பெரிய டிரம் அதே பக்கம், மிதிக்கிற கால் அதே கால். நான் என்னமோன்னு பயந்தேன்."

டமாரம் வாயைத் திறந்தாள். கண்ணாடி, பின்சுவர், இடம், வலம் என்று எல்லாம் நாக்கின் நுனிவரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாள் அம்மா, கடையில் யாருக்கும் காட்டாத ஒரு சிரிப்பு. சொல்லி என்ன ஆகப்போகிறது?

"ஆமாம்மா. அதே மாதிரிதான்" என்றாள்.

கண்ணாடிக்குள் பாட்டு ஓடியது. அவள் வலது கால் தானாகப் பெடலுக்குப் போயிற்று. தும், தும் என்று டி.வி. மிதிக்க, சத்தமில்லாமல் அவளும் மிதித்தாள். சாயத்து அம்மாள் பாட்டில் லயித்து, கண்ணை மூடி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டிருந்தார். அவருக்கே தெரியவில்லை.

"போதும்டி, இறக்கு" என்றாள் அம்மா. "எனக்குத் தலை எட்டலை."